ஆடு தின்ற அளவு மாட்டுக்கு ஆகுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் வழக்கு. பானையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டுவதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் மற்றவை வெந்தனவா என்பது தெரிந்துவிடும். முறை சரியானதே. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எடுத்த பருக்கை அதே பானையைச் சேர்ந்ததாய் இருத்தல் வேண்டும். அடுத்த அடுப்பில் கொதிக்கும் பானையின் பருக்கை இந்தப் பானைக்குச் சான்று கூறாது.

கால்நடைத் தீவன ஆராய்ச்சியில் இந்த நிபந்தனை பலகாலம் மறக்கப்பட்டிருந்தது. பதமிட்டுச் சேமித்த பசுந்தீவனத்தைக் கறவை மாடு நாளொன்றுக்கு எவ்வளவு தின்னும் என்று அறிவதற்கு, அதே தீவனத்தைச் செம்மறியாட்டுக்கு இட்டுப் பார்த்து, கிடைத்த எண்ணிலிருந்து மாட்டின் அளவைக் கணித்துக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் நிலவியது. அந்த எண்கள் நூலில் ஏறின. நூலிலிருந்து கையேட்டுக்கு இறங்கின. கையேட்டிலிருந்து கட்டுரைக்கு வரும்போது, எந்த விலங்கில், எந்த நிலையில், எப்படி நறுக்கிய தீவனத்தைக் கொண்டு அளந்தார்கள் என்னும் விளக்கமெல்லாம் உதிர்ந்து, “ஆட்டில் செய்த சோதனை மாட்டுக்கும் பொருந்தும்” என்ற ஒற்றை வரியாக எளிதில் சுருங்கிவிடுகின்றன. அந்த வரி எவ்வளவு தூரம் உண்மை என்று ஆராய்வது அறிவியலார்க்கு மட்டும் உரிய வேலை அன்று; தமிழில் அறிவியலை எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும் அதில் பங்குண்டு. அவ்வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு பிழைக்கு இடம் கொடுப்பதே காரணம்.

ஜொகூரில் இந்த வினாவின் கனம்

மலேசியத் தமிழரின் வாழ்வோடு கறவை மாடு பிணைந்து வந்த கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டத்து லயங்களின் பின்புறம் கொட்டகை அமைத்து, பால்வெட்டு முடிந்தபின் புல்லறுத்து, காலையிலும் மாலையிலும் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எண்ணிலடங்கா. இந்தியாவிலிருந்து வந்தோர் கொணர்ந்த மாடுகளின் வழித்தோன்றல்களைக் கால்நடைத் துறையினர் ‘உள்நாட்டு இந்தியக் கறவை’ என்ற பெயராலேயே தனி இனமாகக் குறிப்பிடுகின்றனர். பின்னர் பிரீசியனும் சாகிவாலும் கலந்த கறவைகள் வந்தன. மலேசியா, பிரீசியன், சாகிவால் என்னும் மூன்று பெயர்களின் துண்டுகளை இணைத்து ‘மாஃப்ரிவால்’ என்று வழங்கப்பட்ட இனத்தின் வளர்ப்பில் ஜொகூரின் ஆயர் ஹீத்தாம் பண்ணை பெயர் பெற்றது. குளுவாங் நகரிலே கால்நடைத் துறையின் பயிற்சி நிலையமும், 1969இல் தொடங்கிய மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமாகிய ‘மார்டி’யின் கிளையும் அமைந்தன.

செம்மறியும் இம்மண்ணுக்குப் புதிதன்று. ரப்பர் மரங்களுக்கு இடையே முளைக்கும் களையை மேயவிட்டுச் செம்மறி வளர்க்கும் முறையை 1970களிலும் 1980களிலும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஊக்குவித்தது. ஆக, ஒரே தோட்ட நிலத்திலிருந்து இரண்டு விலங்குகளும் இரை தேடியதுண்டு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கும் ஆசை எழுவது இயல்பே.

நான்கைந்து கறவைகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது ஏட்டளவான வினா அன்று. மாட்டின் பசியைக் குறைத்து மதிப்பிட்டால் மாடு அரைவயிற்றோடு நிற்கும், பால் குறையும். கூட்டி மதிப்பிட்டு, பசுந்தீவனமே போதும் என்று புண்ணாக்கையும் தவிட்டையும் குறைத்துவிட்டால், தின்னப்படாத தீவனம் தொட்டியில் கிடக்க, மாடு மெலியும். அடுத்த சினையும் தள்ளிப்போகும். இரண்டு பிழைகளும் பால் விற்ற காசிலேயே வந்து விடியும்.

பெயரும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘சைலேஜ்’ எனப்படுவதைத் தமிழ்நாட்டு வேளாண்மை நூல்கள் ‘ஊறுகாய்ப்புல்’ என்று வழங்குகின்றன. சொல்லைக் கேட்டவுடனே பொருள் ஓரளவு விளங்கிவிடுவது இப்பெயரின் சிறப்பு. பசுமையாய் இருக்கும்போதே எடுத்து, அடைத்து வைத்து, புளிப்பேறியபின் பயன்படுத்துவது என்ற படம் உழவர் மனத்தில் உடனே தோன்றும். எனினும், இரண்டு இடங்களில் இப்பெயர் வழிதவறச் செய்கிறது.

முதலாவது, வீட்டு ஊறுகாய் பெரும்பாலும் உப்பாலும் எண்ணெயாலும் கெடாமல் நிற்பது. சைலேஜ் அப்படியன்று. நறுக்கிய தீவனத்தைக் குழியிலோ பீப்பாயிலோ இட்டு, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் மூடிவிட்டால், அதிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பாலைத் தயிராக்கும் அமிலமும் அதுவே. அமிலம் பெருகினால் அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் ஒடுங்கும். ஆகவே சைலேஜுக்கு நெருங்கிய உறவு மாங்காய் ஊறுகாய் அன்று. தயிரும் இட்லி மாவுமே. இரண்டாவது, ஊறுகாய் என்பது இலையின் ஓரத்தில் சிறிதளவு வைக்கப்படுவது. மாட்டுக்குச் சைலேஜ் தொடுகறி அன்று, அதுவே சோறு. ‘எவ்வளவு தின்னும்’ என்ற கேள்விக்கு முதன்மை வருவது இதனாலேதான். தென்னாட்டில் வழங்கும் பெயரை மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் வகுப்பில் அதை விளக்கும் ஆசிரியர் தயிரை உவமையாகச் சொன்னால் மாணவர் வேதியியலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வர்.

இக்கலை மிகப் பழையதுமன்று, மிகப் புதியதுமன்று. பிரான்சு நாட்டு கோஃபார் மக்காச்சோளத்தைப் பதமிடும் முறைபற்றி 1877இல் நூல் வெளியிட்டார். பசுந்தீவனத்தை அமிலமிட்டுக் காக்கும் முறையைக் கண்ட பின்லாந்து அறிஞர் வீர்த்தானென் 1945இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். மாட்டுத் தீனிக்கும் நோபல் பரிசுக்கும் தொடர்பு உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

செம்மறியைத் தேர்ந்ததன் நியாயம்

எதிர்க்கட்சியின் வாதத்தை முதலில் கேட்பது திறனாய்வின் அறம். ஆராய்ச்சியாளர் செம்மறியை நாடியதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. ஒரு கறவை ஒரு நாளில் தின்பதைக் கொண்டு பத்துச் செம்மறிகளை ஏறக்குறைய ஊட்டிவிடலாம். ஒரே ஒரு பீப்பாய்த் தீவனமே இருந்தாலும் சோதனையை நடத்தலாம். செம்மறியைச் சிறு கூண்டில் நிறுத்தி, இட்டதை நிறுத்து, மிஞ்சியதை நிறுத்து, சாணத்தையும் நிறுத்து, எவ்வளவு தின்றது, எவ்வளவு செரித்தது என்பதைத் துல்லியமாகக் கணக்கிடலாம். அறுநூறு கிலோ எடையுள்ள பசுவை அப்படி நிறுத்திவைப்பது பெருஞ்செலவு, பெருந்தொல்லை. உலகின் பல நாட்டுத் தீவன அட்டவணைகளில் காணும் செரிமான மதிப்புகள் பெரும்பாலும் செம்மறியில் அளந்தவையே. அவை பயன்பட்டும் வருகின்றன.

எனவே, செம்மறியைச் சோதனைக்கு எடுத்தது குற்றமன்று. ஒரு வினாவுக்குச் சொன்ன விடையை வேறு வினாவுக்கும் விடையாக எடுத்துக்கொண்டதே குற்றம். ‘எவ்வளவு செரிக்கும்’ என்பது ஒரு வினா. ‘எவ்வளவு தின்னும்’ என்பது மற்றொன்று. முன்னதில் இரண்டு விலங்குகளும் நெருங்கி நிற்கின்றன; முரட்டுத் தட்டையை மாடு சற்றுக் கூடுதலாகச் செரிப்பது போன்ற வேறுபாடுகள் உண்டெனினும் அவை பெரியவை அல்ல. பின்னதில்தான் வழிகள் பிரிகின்றன.

அளவுகோல் மாறினால் தீர்ப்பு மாறும்

செம்மறி ஒன்றின் எடை 60 கிலோ, கறவைப் பசுவின் எடை 600 கிலோ என்று கொள்க. எடை பத்து மடங்கு. ஆகவே தீனியும் பத்து மடங்கு என்பது பாமரக் கணக்கு. உடல் பெருக்கும் வீதத்தில் உடலின் எரிசக்தித் தேவை பெருகுவதில்லை என்பதை மாக்ஸ் கிளைபர் 1932இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். எடையின் முக்கால் அடுக்கைக் கொண்டு ஒப்பிடுவதே பொருந்தும் என்பது அவர் வழிவந்த கொள்கை. அக்கணக்கின்படி, பத்து மடங்கு எடையுள்ள விலங்குக்கு 5.6 மடங்குதான் தேவை. இது படித்தோர் கணக்கு.

இவ்விரு கணக்குகளில் எது சரி? பிரான்சின் தேசிய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமாகிய ‘இன்ரா’ 1989இல் வெளியிட்ட அட்டவணை இதற்கு நல்ல உரைகல். நல்ல இளம் மேய்ச்சற் புல்லை அளவுகோலாக வைத்து, முக்கால் அடுக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் செம்மறி 75 கிராமும், வளரும் மாடு 95 கிராமும், பால் கறக்கும் பசு 140 கிராமும் உலர்பொருள் தின்னும் என்று அது கொள்கிறது. இதைக் கொண்டு கணக்கிட்டால், 60 கிலோச் செம்மறி ஏறத்தாழ 1.6 கிலோவும், 600 கிலோப் பசு ஏறத்தாழ 17 கிலோவும் தின்னும்.

செம்மறியின் 1.6 கிலோவைப் பத்தால் பெருக்கினால் 16 கிலோ. உண்மைக்கு அருகில் வந்துவிடுகிறது. 5.6 ஆல் பெருக்கினால் 9 கிலோ. உண்மையில் ஏறத்தாழப் பாதி. படித்தோர் கணக்குத் தவறி, பாமரக் கணக்கு வென்றதுபோல் தோன்றுகிறது. ஆனால் அவ்வெற்றி தற்செயலே. அதே 600 கிலோ எடைக்குப் பால் கறக்காத மாட்டின் 95 கிராமை வைத்துக் கணக்கிட்டால் 11.5 கிலோதான் வரும். அங்கே பாமரக் கணக்கு மிகையாகி விழுந்துவிடுகிறது. ஒரு கணக்குக் கறவையில் கிட்ட வந்து வளரும் மாட்டில் தவறுகிறது; மற்றொன்று இரண்டிலுமே குறைகிறது.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று. பெருக்கும் எண்ணைத் திருத்துவதால் இச்சிக்கல் தீராது. செம்மறிக்கு ஒன்று, வளரும் மாட்டுக்கு ஒன்று, கறவைக்கு ஒன்று என மூன்று தனித்தனி அளவுகோல்களை அந்தக் கழகம் வைத்துக்கொண்டதே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே பெருக்கலால் போக முடியாது என்பதற்குச் சான்று.

மெல்லும் வாய்

மேலே கண்டவை பசும்புல்லைப் பற்றிய கணக்கு. பதமிட்ட தீவனத்துக்கு வரும்போது வேறுபாடு இன்னும் விரிகிறது. அறுத்த பசும்புல்லைத் தின்னும் அளவுக்கு அதே புல்லைப் பதமிட்டபின் விலங்குகள் பெரும்பாலும் தின்பதில்லை. இது இரண்டுக்கும் பொது. ஆனால் அந்தக் குறைவு மாட்டைவிடச் செம்மறியில் கூடுதல். நீளமாக நறுக்கிய தீவனத்தில் அது மிகக் கூடுதல்.

காரணம் வாயிலும் வயிற்றிலும் இருக்கிறது. அசைபோடும் விலங்கு விழுங்கிய இரை, முதல் வயிறாகிய அசையிரைப்பையில் தங்கி, மீண்டும் வாய்க்கு வந்து மெல்லப்பட்டு, போதிய அளவு நொறுங்கிய பின்னரே கீழே இறங்கும். செம்மறியில் துகள்கள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்ச் சல்லடையில் புகும் அளவுக்கு நொறுங்க வேண்டும். மாட்டிலோ அதனினும் பெரிய துகள்களும் இறங்கிவிடும். ஆகவே ஒரே நீளத் தட்டையை இறக்குவதற்குச் செம்மறி, தன் உடலளவை நோக்க, மிகுதியான நேரம் மெல்ல வேண்டியிருக்கிறது. மெல்லும் நேரத்துக்கு ஒரு நாளில் எல்லை உண்டு. வயிறு காலியாகும்வரை அடுத்த கவளம் ஏறாது.

பிரான்சில் டுல்ஃபியும் அவர்தம் கூட்டாளிகளும் புல் சைலேஜைச் செம்மறிக்கும் மாட்டுக்கும் இட்டு, தின்ற அளவையும் தின்னும் முறையையும் ஒப்பிட்டு 1984இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. தீவனத்தைப் பொடிதாக நறுக்கினால் செம்மறி தின்னும் அளவு நன்கு உயர்கிறது. மாட்டில் அந்த உயர்வு சிறிதே என்பது இவ்வகை ஆய்வுகளின் முடிவு. அதாவது, நறுக்கும் கத்தியின் கூர்மை மாறினால் செம்மறியின் தீர்ப்பு மாறிவிடும்; மாட்டின் தீர்ப்பு அவ்வளவாக மாறாது. சிறு பண்ணையாளர் கையால் தள்ளும் நறுக்குப்பொறியில், கத்தி மழுங்கிய நாளில் தட்டைகள் விரல் நீளத்துக்குப் போவது உண்டு. அத்தகைய தீவனத்தைச் செம்மறி ஒதுக்கியது என்றால், அது தீவனத்தின் குற்றமா கத்தியின் குற்றமா என்று பிரித்தறிய வழியில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. செம்மறியின் முகவாய் குறுகியது, மேலுதடு பிளவுபட்டது. இலையைப் பொறுக்கித் தண்டை விட்டுவிடும் திறமை அதற்கு உண்டு. மாடோ நாவால் வளைத்து வாரி உண்பது. ஒரே தொட்டியில் ஒரே தீவனத்தை இட்டாலும், இரண்டும் தின்றது ஒரே பொருள் என்று சொல்ல முடியாது.

‘ஆடு’, ‘மாடு’ என்னும் இரு சொற்கள்

இங்கேதான் தமிழாசிரியர் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. ‘ஆடு’ என்று எழுதினால், அது செம்மறியா வெள்ளாடா? இரண்டும் தின்னும் முறையில் வேறுபட்டவை. வெள்ளாடு தழை கடிப்பது. செம்மறி புல் மேய்வது. மலாய் மொழியில் ‘கம்பிங்’ என்றும் ‘பிரி-பிரி’ என்றும் இரண்டு பெயர்கள் உள்ளன. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி எழுதும் கட்டுரை, வாசகரை அறியாமலே செம்மறியின் எண்ணை வெள்ளாட்டுக்கும் கொடுத்துவிடுகிறது.

‘மாடு’ இன்னும் பெரிய போர்வை. கிடாரி, சினைப்பசு, கறவைப்பசு, வற்றுக்கறவை, காளை, எருது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் தீனியைப் பொறுத்தவரை இவை வேறு வேறு. ஈன்ற பசு நாள்தோறும் பாலாக வெளியேற்றும் சத்தை ஈடுசெய்ய, பால் வற்றிய பசுவைவிட மிகுதியாகத் தின்கிறது. செம்மறிச் சோதனைகளிலோ பெரும்பாலும் காயடித்த கிடாய்களே பயன்பட்டன. அவற்றுக்குப் பாலுமில்லை, குட்டியுமில்லை. உடலைக் காத்துக்கொண்டால் போதும். பசி குறைந்த விலங்கின் வாயைக் கொண்டு பசி மிகுந்த விலங்கின் வயிற்றை அளந்தது போலாயிற்று.

தமிழ் இத்தகைய நுட்பத்துக்கு இடங்கொடாத மொழியா என்றால், அன்று. தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றைப் பிரித்துப் பிரித்துக் கூறுகிறது. யாட்டின் ஆணுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர்களை அது காட்டுகிறது. மேய்ச்சலால் வாழ்ந்த மக்களுக்கு இந்த வேறுபாடுகள் சோற்றோடு தொடர்புடையவை. ஆதலின் சொற்களும் இருந்தன. கிடாரி, சினை, கறவை, வறட்டு மாடு என்ற சொற்கள் இன்றும் கொட்டகையில் வழங்குகின்றன. கொட்டகையில் இருக்கும் நுட்பம் கட்டுரையில் காணாமற்போவது மொழியின் வறுமையன்று, எழுதுவோரின் அசட்டை.

ஈரமும் வெப்பமும்

‘தின்ற அளவு’ என்பதிலும் ஒரு மறைவு இருக்கிறது. பச்சையாக நிறுத்த எடையா, ஈரத்தைக் கழித்த உலர்பொருளா? 30 கிலோத் தீவனத்தில் உலர்பொருள் 20 விழுக்காடாயின் மாட்டுக்குச் சேர்வது 6 கிலோ. 30 விழுக்காடாயின் 9 கிலோ. மழைநாளில் அறுத்த இளம் நேப்பியர்ப் புல்லுக்கும், சற்று வாட்டி அடைத்த புல்லுக்கும் இவ்வளவு வேறுபாடு எளிதில் வரும். இரண்டையும் ‘30 கிலோ தின்றது’ என்று ஒரே வாக்கியத்தால் எழுதுவது, பாலையும் மோரையும் ஒரே படியால் அளந்து ஒரே விலை சொல்வதை ஒக்கும்.

ஐரோப்பியச் சோதனைகள் குளிர்நாட்டில் நடந்தவை. ஜொகூரின் நண்பகலோ வேறு. இரை செரிக்கும்போதும் பால் சுரக்கும்போதும் உடலில் வெப்பம் பிறக்கிறது. கறவைப் பசு அவ்வெப்பத்தை வெளியேற்ற இயலாதபோது, முதலில் குறைத்துக்கொள்வது தீனியையே. பிரீசியன் இரத்தம் மிகுந்த மாட்டில் இது கண்கூடு. பாலில்லாத கிடாய் நிழலில் நிற்கும்போது அதற்கு அந்த நெருக்கடி அதே அளவில் வருவதில்லை. ஆகவே குளிர்நாட்டில் இரண்டுக்கும் இடையே கண்ட விகிதம் இங்கே அப்படியே நிலைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இன்னுமொரு நுட்பம்: திறந்த சைலேஜில் காற்றுப் புகுந்தவுடன் பூஞ்சையும் சூடும் கிளம்பும்; வெப்பநாட்டில் இது விரைவாக நடக்கும். நான்கு செம்மறிகள் ஒரு பீப்பாயைக் காலிசெய்யப் பல நாள் ஆகும். ஒரு கறவை சில நாளில் முடித்துவிடும். கடைசி நாள்களில் செம்மறி குறைவாகத் தின்றதென்றால், அது தின்றது முதல்நாள் தீவனமே அன்று. சோதனையின் பிழையை விலங்கின் சுவையாக எழுதிவிடக் கூடாது.

செம்மறியிடம் எதைக் கேட்கலாம்?

இவ்வளவு கூறியபின், செம்மறிச் சோதனைகளைத் தூக்கியெறிய வேண்டுமா? வேண்டுவதில்லை. கேட்கத்தக்கதைக் கேட்டால் செம்மறி நல்ல விடை சொல்லும். இங்கிலாந்தில் ஹர்லி என்னும் ஊரிலிருந்த புல்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் வில்கின்ஸ் குழுவினர் 70 வகைச் சைலேஜ்களைச் செம்மறிக்கு இட்டு 1971இல் முடிவுகளை வெளியிட்டனர். அசிட்டிக் அமிலமும் அம்மோனியாவும் மிகுந்த, அதாவது சரியாகப் பதமாகாத தீவனத்தைச் செம்மறி குறைவாகத் தின்றது. உலர்பொருள் மிகுந்து, அமிலங்களுள் லாக்டிக் அமிலத்தின் பங்கு ஓங்கியதைக் கூடுதலாகத் தின்றது. பதம் கெட்டால் தின்பது குறையும் என்னும் இப்பாடத்தைக் கறவை வளர்ப்போரும் தயங்காமல் ஏற்கலாம். எது நல்லது, எது கெட்டது என்று சொல்லச் செம்மறிக்கு நாவுண்டு. எத்தனை கிலோ என்று மாட்டின் சார்பில் சொல்லவே அதற்கு உரிமையில்லை.

அந்த உரிமையை மாட்டிடமே கொடுத்த ஆய்வும் உண்டு. வட அயர்லாந்தின் ஹில்ஸ்பரோ நிலையத்தில் ஸ்டீன் குழுவினர் 136 சைலேஜ்களை வளரும் மாடுகளுக்கே நேரடியாக இட்டு, அவற்றின் இயல்பைக் கொண்டு தின்னும் அளவை முன்கூட்டிச் சொல்லும் வழியை 1998இல் வெளியிட்டனர். செலவு மிகுந்த வேலையே. ஆயினும், மாட்டைப் பற்றிய கேள்விக்கு மாட்டையே சாட்சியாக அழைத்தது நேர்மையான வழி. அங்கும் வந்தவை வளரும் மாடுகளே. கறவைக்கு அவ்வெண்ணைக் கொண்டுசெல்வோர் மீண்டும் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும்.

பனைமட்டையும் அன்னாசித் தோலும்

ஜொகூரில் புல்லுக்கு நிலம் குறைவு; செம்பனைக்கு நிலம் மிகுதி. குலை வெட்டும்போது கழிக்கப்படும் மட்டைகளை நறுக்கிப் பதமிட்டுக் கால்நடைக்கு ஊட்டலாம் என்பதை மார்டி ஆராய்ச்சியாளர் ஜப்பானிய ஆராய்ச்சியாளருடன் கூடி 1980களின் பிற்பகுதி தொடங்கி 1990களில் ஆய்ந்து காட்டினர். இறைச்சி மாட்டுக்கு மொத்தத் தீனியில் பாதிவரையும், கறவைக்கு ஏறத்தாழ 30 விழுக்காடும் மட்டைச் சைலேஜைச் சேர்க்கலாம் என்பது அவ்வாய்வுகளின் வழி நிலைபெற்ற பரிந்துரை. ஒரே மட்டைக்கு, மாட்டினத்துக்குள்ளேயே இரண்டு எல்லைகள் வகுக்க வேண்டியிருந்தது. மட்டையின் பெரும்பகுதி நார் மிகுந்த தண்டு, இலைக்கீற்று சிறுபகுதி. இலையைப் பொறுக்கித் தண்டை ஒதுக்கும் செம்மறியை இதற்கு நடுவராக வைத்தால், தீர்ப்பு எவ்வாறிருக்கும் என்பது மேலே கூறியவற்றால் விளங்கும்.

அன்னாசியும் ஜொகூரின் செல்வமே. பொந்தியான் பகுதியின் கரிமண் நிலத்தில் அது செழித்து வளர்வது. பழத் தொழிற்கூடங்களில் மிஞ்சும் தோலும் நெற்றும் ஈரம் மிகுந்தவை, விரைவில் கெடுபவை. பெங்களூரிலுள்ள இந்தியத் தேசிய விலங்கு ஊட்ட, உடலியல் ஆராய்ச்சி நிறுவனம் அன்னாசிக் கழிவைச் சைலேஜாக்கும் முறையை வகுத்தபோது, செம்மறிக்கும் இட்டுப் பார்த்தது. கறவைப் பசுவுக்கும் தனியே இட்டுப் பார்த்தது. ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு ஒட்டவைக்காமல் இரண்டையும் கேட்ட இம்முறையே பின்பற்றத்தக்கது.

எழுதுவோர் கடன்

தீவனம் பற்றித் தமிழில் எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் ஐந்து செய்திகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சோதித்த விலங்கு செம்மறியா, வெள்ளாடா, மாடா? அது பாலில் இருந்ததா, வளர்ச்சியில் இருந்ததா, சும்மா நின்றதா? தீவனம் எவ்வளவு நீளத்துக்கு நறுக்கப்பட்டது? எண் பச்சை எடையா, உலர்பொருளா? எந்த நாட்டுத் தட்பவெப்பத்தில் அளந்தது? இவை இல்லாத எண், ஊர்பேர் எழுதாத மடலைப் போன்றது. யார் கைக்கும் போகும், யாருக்கும் பயன்படாது. மொழிபெயர்ப்பாளர் ‘ஷீப்’ என்பதை ‘ஆடு’ என்று எழுதி விரைந்து போகும் நொடியில் ஒரு பண்ணைக் குடும்பத்தின் கணக்குத் தவறிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. பள்ளியில் சொற்பொருள் கற்பிக்கும் ஆசிரியர், செம்மறி, வெள்ளாடு, கிடாரி, கறவை என்ற சொற்களைத் தேர்வுக்காக மட்டும் கற்பிக்காமல், அவை ஏன் தனித்தனியே பிறந்தன என்றும் எடுத்துரைத்தால், நாளைய மொழிபெயர்ப்பாளர் இப்பிழையைச் செய்யமாட்டார்.

பண்ணையாளரோ, அட்டவணைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. காலையில் இட்ட தீவனத்தை ஒரு தொங்கு தராசில் நிறுத்து எழுதுக. மறுநாள் தொட்டியில் மிஞ்சியதை நிறுத்துக் கழிக்க. ஒருபிடியும் மிஞ்சவில்லையாயின் மாடு இன்னும் தின்றிருக்கும்; பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சினால் தீவனத்தின் பதத்தையோ நறுக்கையோ பார்க்க வேண்டும். ஒரு வாரம் இப்படிக் குறித்துவைத்த காகிதம், கடல்கடந்து வந்த செம்மறி அட்டவணையைவிட அந்தக் கொட்டகைக்கு உறுதியான சான்று. அப்பருக்கை அதே பானையில் எடுத்தது.